கிடபாவன்: தென் பிலிப்பைன்ஸின் பழ ஊருக்குப் போய்வர முழுமையான வழிகாட்டி

பிலிப்பைன்ஸ் என்றதும் வெள்ளை மணல் கடற்கரையைத் தேடுகிறவர்கள் கிடபாவனை வரைபடத்தில் பார்த்திருக்க மாட்டார்கள். மிண்டனாவோ தீவின் உள்நாட்டில், ஆப்போ மலையின் மேற்குச் சரிவில் இருக்கிறது இந்த ஊர். கோட்டபாட்டோ மாகாணத்தின் தலைநகர். 1998இல்தான் நகரம் என்ற தகுதி கிடைத்தது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 1,60,000. ஊருக்குள் கடல் கிடையாது, கோட்டை கிடையாது, பெயர் சொல்லும்படி அருங்காட்சியகமும் கிடையாது. துரியன், மாராங், லன்சோனஸ், ரம்புட்டான், மங்குஸ்தான், ரப்பர், வாழை எல்லாம் விளைந்து குவிகின்றன. அவற்றுக்கு மேலே நாட்டின் மிக உயரமான மலை நிற்கிறது. பழமும் மலையும் பிடிக்கும் என்றால் மேலே படியுங்கள். பிடிக்காதவர்கள் தாராளமாகப் போராக்காய் தீவுக்குப் போகலாம், அதில் தவறு ஒன்றும் இல்லை.

முதல் படி: டிக்கெட்டுக்கு முன்னால் பருவத்தைப் பாருங்கள்

எல்லா ஊருக்கும் மலிவான விமானக் கட்டணத்தைப் பார்த்துத் தேதி குறிப்போம். இங்கே அப்படிச் செய்யாதீர்கள். பழம் இல்லாத மாதத்தில் கிடபாவன் ஒரு நெடுஞ்சாலை ஊர், அவ்வளவுதான். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைதான் முக்கிய அறுவடைக் காலம். ஒவ்வோர் ஆண்டும் மழையைப் பொறுத்து இது சில வாரங்கள் முன்பின் ஆகும். பழ மரங்கள் பூக்க ஓரளவு வறட்சி வேண்டும், பிறகு மழை வேண்டும். இந்தப் பக்கமோ ஆண்டு முழுக்க மழை பரவலாகப் பெய்யும் பகுதி, அதனால் விளைச்சல் தேதியை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆகஸ்டில் டிம்புப்போ என்ற பழத் திருவிழா நடக்கும். 1947 ஆகஸ்ட் 18 அன்று கிடபாவன் தனி முனிசிபாலிட்டியாக ஆனது. அந்த நிறுவன நாளை ஒட்டித்தான் விழாவும் வரும். தெருவில் நடனம், அணிவகுப்பு, பழக் கண்காட்சி என்று ஊரே அமர்க்களப்படும். கூட்டம் பிடிக்கும் என்றால் அந்த வாரம் போங்கள். என்னைக் கேட்டால் விழா முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்துப் போவது இன்னும் நல்லது. அறைகள் காலியாக இருக்கும், பழம் இன்னும் அதிகமாக வந்து விலையும் இறங்கியிருக்கும்.

மலை ஏறத்தான் வருகிறீர்கள் என்றால் கணக்கே வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாம் படி: பாதுகாப்பு நிலவரத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்

இதைக் கடைசியில் ஒரு வரியாக எழுதி ஒதுக்கிவிடுவது சரியாக இருக்காது. மிண்டனாவோவின் பல பகுதிகளுக்குப் போக வேண்டாம் என்று பல நாட்டு அரசுகள் இன்றும் தங்கள் குடிமக்களை எச்சரிக்கின்றன. கோட்டபாட்டோ மாகாணமும் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் வந்துவிடும். பல பத்தாண்டுகளாக நடந்த ஆயுத மோதல்களும், மாகாணத்தில் ஓடும் பேருந்துகளில் அவ்வப்போது வெடித்த குண்டுகளும் இதற்குக் காரணம். கிடபாவன் நகரத்தில் அன்றாட வாழ்க்கை இயல்பாக நடக்கிறது. பள்ளி, சந்தை, கல்யாணம், கூடைப்பந்து எல்லாம் உண்டு. ஆனாலும் கிளம்புவதற்கு முந்தைய வாரம் உங்கள் நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்பைப் படியுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது மிண்டனாவோவுக்கு அது செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அரசு எச்சரித்த பகுதிக்குப் போனால் பல காப்பீடுகள் கைவிரித்துவிடும்.

பெயர்க் குழப்பம் ஒன்றும் இங்கே உண்டு. கோட்டபாட்டோ மாகாணம் வேறு, கோட்டபாட்டோ நகரம் வேறு. நகரம் இன்னும் மேற்கே, பங்சமோரோ என்ற முஸ்லிம் பெரும்பான்மைத் தன்னாட்சிப் பகுதியின் ஆட்சி மையமாக இருக்கிறது. மாகாணத்தைப் பேச்சில் வடக்கு கோட்டபாட்டோ என்பார்கள். 2019 பொதுவாக்கெடுப்பில் இந்த மாகாணத்தின் 63 கிராமங்கள் தன்னாட்சிப் பகுதியோடு சேர்ந்தன. கிடபாவன் சேரவில்லை. செய்தியில் கோட்டபாட்டோ என்று வந்தால் எந்தக் கோட்டபாட்டோ என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேருந்து ஏறும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும்.

மூன்றாம் படி: விசா, விமானம்

இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் 2025 ஜூன் முதல் 14 நாள் விசா இல்லாமல் போகலாம், ஆனால் அதை நீட்டிக்க முடியாது. அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஷெங்கன், சிங்கப்பூர், பிரிட்டன் ஆகியவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா அல்லது குடியிருப்பு அனுமதி கையில் இருந்தால் 30 நாள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்ல வேண்டும், திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட முன்பதிவும் காட்ட வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு விசா தேவையில்லை. எல்லோரும் வந்திறங்கும் முன் 72 மணி நேரத்துக்குள் ஈ-டிராவல் என்ற அரசுத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் வந்தால் அது போலி.

கிடபாவனில் விமான நிலையம் இல்லை. டாவோ நகருக்குப் பறந்து, அங்கிருந்து சாலையில் வரவேண்டும். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குச் சிங்கப்பூர் வழியே சுலபம். அங்கிருந்து டாவோவுக்கு ஸ்கூட் நேரடி விமானம் உண்டு. மணிலா வழியாக வந்தால் விமானம் மாறும்போது முனையமும் மாறவேண்டி வரலாம், மணிலா நெரிசலில் அதற்கு மூன்று நான்கு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

டாவோவில் ஒரு இரவு தங்குவது நல்லது. அங்கே மருத்துவம் படிக்க வந்திருக்கும் இந்திய மாணவர்கள் ஏராளம், அவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் நிறைய. அவர்களை நம்பியே இந்தியச் சாப்பாட்டுக் கடைகளும் மளிகைக் கடைகளும் நடக்கின்றன. சைவக்காரர்கள் இங்கேயே ஊறுகாய், பருப்புப் பொடி வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். கிடபாவனில் அது கிடைக்காது.

சிம் கார்டும் டாவோவிலேயே வாங்கிவிடுங்கள். குளோப், ஸ்மார்ட் இரண்டும் பரவாயில்லை, பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். மின்சாரம் 220 வோல்ட்தான், ஆனால் பிளக் தட்டையான இரண்டு முள் வகை. நம் உருண்டை முள் நுழையாது.

நான்காம் படி: டாவோவிலிருந்து பேருந்து

டாவோவின் எகோலேண்ட் பேருந்து முனையத்திலிருந்து கிடபாவன், கபாகன், கோட்டபாட்டோ என்று பலகை மாட்டிய பேருந்துகள் நாள் முழுக்கக் கிளம்பும். தூரம் சுமார் 110 கிலோமீட்டர். இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். சின்ன வேன்களும் ஓடுகின்றன. வேகம் அதிகம், கால் நீட்ட இடம் குறைவு. நான் பேருந்தைத்தான் சொல்வேன். கோட்டபாட்டோ பேருந்தில் ஏறினால் கிடபாவனில் இறங்க வேண்டும் என்று நடத்துநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். டாவோவிலிருந்து டிகோஸ் வரை இடப்பக்கம் வளைகுடாவும் வலப்பக்கம் ஆப்போ மலையும் வரும். டிகோஸில் சாலை பிரியும். நேரே போனால் ஜெனரல் சாண்டோஸ், வலப்பக்கம் திரும்பினால் நம் வழி. அதற்குப் பிறகும் மலை வலப்பக்கமே கூட வரும். பன்சாலன் தாண்டியதும் சாலை ஏறத் தொடங்கும், காற்று மாறும். மகிலாலா வந்துவிட்டால் சாலையோரம் ரப்பர் தோட்டங்கள். மரத்தில் கட்டிய கோப்பையில் பால் கட்டியாகி உறையும் வரை விட்டு, அந்தக் கட்டிகளை அப்படியே லாரியில் ஏற்றுவார்கள். அதன் அழுகல் நாற்றம் ஜன்னலை மூடினாலும் உள்ளே வரும். துரியன்தான் நாறுகிறது என்று பலர் அதன்மேல் பழி போட்டுவிடுகிறார்கள், பாவம்.

திரும்பும் வழியில் டாவோ எல்லையில் சிராவான் என்ற இடத்தில் சோதனைச் சாவடி உண்டு. பயணிகளை இறக்கி, நடக்கவிட்டு, அடையாள அட்டையும் பையும் பார்ப்பார்கள். பாஸ்போர்ட் பெட்டிக்குள் கிடக்காமல் கையில் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: எங்கே தங்குவது, எப்படிச் சுற்றுவது

ஊரின் முதுகெலும்பு கேசோன் பூலேவார்டு. தேசிய நெடுஞ்சாலையே ஊருக்குள் அந்தப் பெயரில் ஓடுகிறது. விடுதிகள், வங்கிகள், கடைகள் எல்லாம் அதை ஒட்டியே இருக்கின்றன. 2016 மார்ச் கடைசியில் எல் நினோ வறட்சியில் பயிர் கருகி, அரிசி கேட்டு வந்த ஆயிரக்கணக்கான விவசாயிகள் இந்தச் சாலையைத்தான் மறித்து உட்கார்ந்தார்கள். ஏப்ரல் 1 அன்று போலீஸ் கலைத்தபோது இருவர் இறந்தார்கள். பழக்கடைகளின் செழிப்பை மட்டும் பார்த்துவிட்டு இது பணக்கார ஊர் என்று நினைத்துவிடாமல் இருக்க இதைச் சொல்கிறேன்.

அறை எடுக்கும்போது உயரமான மாடியைத் தவிர்த்துவிடுங்கள். 2019 அக்டோபரில் 16, 29, 31 ஆகிய மூன்று நாட்களில் 6க்கு மேல் ரிக்டர் அளவில் நிலநடுக்கங்கள் இந்தப் பகுதியைக் குலுக்கின. கடைசி நடுக்கத்தில் ஊரில் ஒரு விடுதிக் கட்டடமே சரிந்தது. முதல் அல்லது இரண்டாம் மாடி போதும். படிக்கட்டு எந்தப் பக்கம் என்று இரவு படுக்கும் முன் பார்த்துவையுங்கள். செருப்பைக் கட்டிலருகே வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் டிரைசிக்கிள் போதும், நம் ஆட்டோ மாதிரி பங்கு போட்டுப் போகலாம். மலைக் கிராமங்களுக்கு ஹாபல்-ஹாபல் என்ற மோட்டார் சைக்கிள் சவாரி அல்லது வேன். ஏறும் முன் கட்டணத்தைப் பேசிவிடுங்கள். சில்லறை நோட்டுகள் நிறைய வேண்டும், 1,000 பேசோ நோட்டை நீட்டினால் ஓட்டுநர் பாடு திண்டாட்டம். ஒரு பேசோ ஏறத்தாழ ஒன்றரை ரூபாய். ஏடிஎம் நகரத்தோடு முடிந்துவிடும், மலைக்குப் போகும் முன்பே பணம் எடுங்கள்.

பேச்சுக்குப் பெரும்பாலும் விசயா, அதோடு இலோங்கோ, டகாலோக். ஆங்கிலம் ஓரளவு எங்கும் புரியும். வயதில் பெரிய ஆண்களை மனோங், பெண்களை மனாங் என்று கூப்பிட்டால் முகம் மலரும். விலை கேட்க "டக்பிலா?", நன்றிக்கு "சலாமாட்". உங்களைப் பார்த்ததும் சிலர் "பும்பாய்" என்பார்கள். பிலிப்பைன்ஸ் முழுக்க இந்தியர்களுக்கு அந்தப் பெயர்தான். மோட்டார் சைக்கிளில் வந்து ஐந்து கொடுத்து ஆறு வாங்கும் பஞ்சாபி வட்டிக்காரர்களின் பிம்பம் அதன் பின்னால் இருக்கிறது. கடன் வசூலிக்க வந்தீர்களா என்று கேலியாகக் கேட்டால் சிரித்துவிட்டு, பழம் தின்ன வந்தேன் என்று சொல்லுங்கள். பேச்சு தானாக வளரும்.

ஆறாம் படி: பழம் வாங்குவதும் தின்பதும்

இதற்குத்தானே வந்தோம். விடியற்காலையில் பொதுச் சந்தைக்குப் போங்கள். தோட்டத்திலிருந்து சரக்கு இறங்கும் நேரம் அது. மாலையில் நெடுஞ்சாலைப் பழக்கடைகள் கலகலப்பாக இருக்கும். மகிலாலா பக்கத்துச் சாலையோரக் கடைகளில் தோட்டக்காரர்களே விற்பதும் உண்டு.

துரியனில் ஒட்டு ரகங்களும் நாட்டு ரகமும் உண்டு. முதல் முறை தின்கிறவர்களுக்குப் புயாட். சதை தடிமன், இனிப்பு, மணம் சற்று அடங்கியிருக்கும். பழகியவர்கள் அரன்சில்யோவைத் தேடுவார்கள். பழம் சின்னது, சதை வெண்ணெய் போல, சுவை அடர்த்தி. நாட்டு ரகம் கைக்கு அடங்கும் அளவு, கொஞ்சம் கசப்பு, மணம் மூக்கைத் துளைக்கும், விலையும் குறைவு. நாட்டு ரகத்தை ஒரு தடவையாவது தின்று பார்க்காமல் போகாதீர்கள். எடை போட்டுத்தான் விற்பார்கள். ஓட்டுக்கும் சேர்த்துத்தான் காசு, எனவே ஒரே அளவில் எடை குறைவானதைப் பார்ப்பவர்களும் உண்டு. காதருகே வைத்து லேசாகக் குலுக்கினால் பழுத்ததில் கொட்டை அசையும் சத்தம் கேட்கும். காம்பு பச்சையாக, ஈரப்பதத்தோடு இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் விற்பவரிடமே ஒரு முக்கோணத் துண்டு வெட்டிக் காட்டச் சொல்லலாம். கடையிலேயே உட்கார்ந்து தின்றுவிடுங்கள், விடுதிகள் துரியனை உள்ளே விடாது.

2023இல் சீனா பிலிப்பைன்ஸின் துரியனைப் பதப்படுத்தாத முழுப் பழமாக இறக்குமதி செய்ய அனுமதித்தது. அது முதல் டாவோ வட்டாரத்து வியாபாரிகளின் கண் ஏற்றுமதி மேலேதான். அதனால் புயாட் போன்ற ரகங்களின் விலையை பழைய பயணக் குறிப்புகளில் படித்ததோடு ஒப்பிட்டு ஏமாறாதீர்கள்.

என் கட்சி மாராங். பலாவின் நெருங்கிய உறவு. ஊரை விட்டு வெளியே வராது, காரணம் அதன் ஆயுள். பழுத்தால் ஓட்டைக் கையாலேயே சுற்றிலும் கீறித் தொப்பியைக் கழற்றுவது போல எடுக்கலாம். உள்ளே வெள்ளை வெளேரென்று சுளைகள் ஒரே தண்டில் கொத்தாக நிற்கும். தின்னத் தொடங்கியதைச் சில மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், விட்டால் நிறமும் ருசியும் போய்விடும். எந்த விமானத்திலும் ஏறாத, எந்தப் பெட்டியிலும் அடங்காத பழம். இதைத் தின்ன இங்கேதான் வரவேண்டும். கொட்டையைக் கழுவி வேகவைத்தும் தின்கிறார்கள்.

லன்சோனஸ் கொத்துக் கொத்தாக வரும் சின்ன உருண்டைப் பழம். அதை அடிப்பக்கம் அழுத்தித் திறக்க வேண்டும், கொட்டையைக் கடித்தால் கசப்பு. தோலின் பால் விரலில் ஒட்டும். லோங்கோங் ரகத்தில் பால் குறைவு. காய்ந்த தோலைக் கொளுத்திக் கொசு விரட்டுவதும் உண்டு. மங்குஸ்தானின் அடியில் பூப்போல இருக்கும் இதழ்களை எண்ணுங்கள். எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. அதன் தோல் சாறு சட்டையில் பட்டால் போகாது. ரம்புட்டான், உங்களுக்குத் தெரியும்.

தோட்டம் பார்க்க விருப்பமிருந்தால் நகராட்சியின் சுற்றுலா அலுவலகத்தில் கேளுங்கள், யார் தோட்டத்தில் பார்வையாளர்களை விடுகிறார்கள் என்று சொல்வார்கள். வேலியைத் தாண்டி மரத்தில் கைவைக்காதீர்கள். எல்லா மரமும் ஒன்றாகக் காய்க்கும் ஆண்டில் விலை பாதாளத்துக்குப் போய்ப் பறிகூலிகூடத் தேறாது என்று விவசாயிகள் புலம்புவார்கள். கடைசி ஐந்து பேசோவுக்குப் பேரம் பேசும் முன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: மற்ற சாப்பாடு

கரிண்டேரியா என்ற சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் குழம்புப் பாத்திரங்களை வரிசையாக வைத்திருப்பார்கள். மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கைகாட்டினால் போதும். சுட்ட மீன், திலாப்பியா, கோழி எங்கும் உண்டு. காலையில் பாஸ்டில் தேடுங்கள். வாழையிலையில் சோற்றோடு உதிர்த்த கோழியைப் பொதிந்து கட்டியது. மகிந்தனாவ் முஸ்லிம்களின் உணவு, ஹலால், விலையும் சொற்பம். பிசுபிசு அரிசிச் சோறும் சூடான சாக்லேட்டும் சேர்த்துத் தருவதும் நல்ல காலை ஆகாரம்.

சைவம் கஷ்டம், அதை மறைக்கப் போவதில்லை. காய்கறிக் கூட்டு என்று நம்பி வாங்கினால் அதில் இறால் விழுது இருக்கும், பாசிப்பயறுக் குழம்பில் பன்றித் துண்டோ கருவாடோ கிடக்கும். முட்டை தின்பீர்கள் என்றால் தப்பித்தீர்கள். இல்லையென்றால் சோறு, கையில் கொண்டுவந்த பொடி, சுட்ட வாழைப்பழம், அப்புறம் இருக்கவே இருக்கிறது பழம். ஆப்போ சரிவுகளில் காப்பியும் விளைகிறது. உள்ளூர்க் காப்பி என்று கேட்டு வாங்கிக் குடியுங்கள்.

எட்டாம் படி: மலைப்பக்கம்

ஒரு நாளை இலோமாவிஸ் கிராமத்துக்கு ஒதுக்குங்கள். நகரத்திலிருந்து மேலே ஏற ஏறக் குளிரும். அங்கே இருப்பது அக்கோ ஏரி. நீருக்கடியிலிருந்து ஆவி புகைந்து வரும், கந்தக வாடை வீசும். ஏரியில் இறங்கக் கூடாது, சூடு தாங்காது. குளிக்கத் தனியே வெந்நீர்க் குளமும் குளிர்ந்த நீரும் உண்டு, உடம்பில் பூசிக்கொள்ளச் சேறும் உண்டு. வெள்ளி நகையைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள், கந்தகத்தில் கறுத்துவிடும். மழை நாளில், அல்லது சமீபத்தில் நில அதிர்வு இருந்திருந்தால், பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். 2019 நடுக்கத்தில் இந்தச் சரிவுகள் பிளந்து, ஊர் மக்களையே கீழே இறக்க வேண்டியிருந்தது.

அதே பக்கத்தில் புவிவெப்ப மின் நிலையம் இருக்கிறது. 1997, 1999 ஆண்டுகளில் இரண்டு கட்டமாக இயங்கத் தொடங்கி, மொத்தம் நூறு மெகாவாட்டுக்குச் சற்று மேல் தருகிறது. காட்டுக்குள் ஓடும் தடித்த குழாய்களைப் பார்க்கலாம். இந்த மலை மனோபோ பழங்குடி மக்களுக்குத் தெய்வ மலை. தோண்டக் கூடாது என்று 1989இல் பல பழங்குடிகளின் மூத்தவர்கள் கூடி, கடைசித் துளி ரத்தம் வரை காப்போம் என்று தியாண்டி என்ற சபதம் எடுத்தார்கள். ஆனாலும் நிலையம் வந்தது. அதனால் வேலை கிடைத்தவர்களும் அங்கே உண்டு, இன்னும் மன்னிக்காதவர்களும் உண்டு. வழிகாட்டியிடம் கேட்டால் யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கதை மாறும். பழங்குடியினரின் வீட்டையோ சடங்கையோ கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

நாள் குறைவாக இருந்தால் பலாபாக் கிராமத்தின் பனிக்கி அருவி போதும்.

ஆப்போ உச்சி 2,954 மீட்டர். ஏற அனுமதிச் சீட்டும் உள்ளூர் வழிகாட்டியும் கட்டாயம். கிடபாவன் பாதை இலோமாவிஸிலிருந்து தொடங்கி, ஒரே ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடந்து, காட்டுக்குள் ஏறி, வெனாடோ ஏரியில் முகாம் போட்டு, மறுநாள் விடியலில் உச்சி தொடும். மூன்று நாள் வைத்துக்கொள்வது நிதானம். மழையில் ஆறு பெருகினால் திரும்ப வேண்டியதுதான். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் கூட்டம் அள்ளும். 2016இல் அந்த வாரத்தில்தான் தீப்பிடித்து நூறு ஹெக்டேருக்கு மேல் எரிந்தது, மலையும் நெடுநாள் மூடிக் கிடந்தது. எந்தப் பாதை எப்போது திறந்திருக்கும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. சுற்றுலா அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டபின் விமான டிக்கெட் போடுங்கள். உச்சியில் இரவு குளிர் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும், வெப்பமண்டலம்தானே என்று மெல்லிய போர்வையோடு போகாதீர்கள்.

ஒன்பதாம் படி: எத்தனை நாள்

மலை ஏறாதவர்களுக்கு மூன்று இரவு போதும். வந்த மாலை பழக்கடை. மறுநாள் விடிகாலை சந்தை, பகலில் தோட்டம். மூன்றாம் நாள் அக்கோ ஏரி. நான்காம் நாள் காலைப் பேருந்தில் டாவோ. வழியில் மகிலாலாவில் இறங்கிக் கடைசி மாராங்கைத் தின்றுவிட்டு அடுத்த பேருந்தைப் பிடிக்கலாம். இருட்டிய பின் நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம், மாலை ஐந்துக்குள் சேரும்படி திட்டமிடுங்கள்.

பத்தாம் படி: பெட்டியில் எது வரும், எது வராது

விமானத்தில் பயணிகள் உட்காரும் பகுதிக்குள் துரியனையும் மாராங்கையும் ஏற்ற மாட்டார்கள். இந்தியாவுக்குள் பழங்களையும் செடிகளையும் தாவர நோய்த்தடுப்பு அனுமதி இல்லாமல் கொண்டுவர முடியாது, ஒட்டுக்கன்று ஆசை இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். துரியன் மிட்டாய், காய்ந்த பழம், வறுத்து அரைத்த ஆப்போ காப்பித் தூள் கொண்டுவரலாம். மிட்டாய்ப் பொட்டலத்தை இரண்டு உறைக்குள் போட்டு முடிச்சுப் போடுங்கள். ஒரே உறையில் வைத்தால் துணி மொத்தமும் துவைத்தபின்னும் மணக்கும்.